ஒரே ஆர்சாட் கணக்கு, மூன்று விடைகள்: எது சரி?

ஆறாம்_செமஸ்டர் | இரவு 9.12

வணக்கம். கெமிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வெள்ளிக்கிழமை இன்டர்னல் தேர்வு. கொஸ்டின் பேங்கில் ஒரு கணக்கு இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

கணக்கு இதுதான்: கந்தகம் இல்லாத ஓர் எண்ணெய் பாய்லரில் எரிகிறது. புகைவாயுவை ஆர்சாட்டில் (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி) பார்த்தால் கார்பன் டை ஆக்சைடு 12.5, ஆக்சிஜன் 4, மீதி 83.5 நைட்ரஜன். (அ) மிகைக்காற்று எத்தனை சதவீதம்? (ஆ) எண்ணெயில் ஹைட்ரஜன் எடைப்படி எத்தனை சதவீதம்?

எனக்கு (அ) 18 வருகிறது. பின்னால் கொடுத்திருக்கும் விடை 22. ரூம் நண்பன் ஒரே வரியில் போட்டு 23.5 என்கிறான். (ஆ)வை எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. எண்ணெயைப் பற்றி ஒரு எண்கூடக் கொடுக்காமல் அதில் ஹைட்ரஜன் எவ்வளவு என்று கேட்டால் எப்படிச் சொல்வது?

இதற்குத் தொடர்ச்சியாக ஓர் எக்கனாமைசர் (புகைவாயுவின் சூட்டால் பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்கும் கருவி) கணக்கும் இருக்கிறது. முதலில் இது முடியட்டும்.

பழைய_பாய்லர் | இரவு 9.40

தம்பி, 18 எப்படி வந்தது என்று எழுதுங்கள். விடையை மட்டும் பார்த்துத் தப்பைக் கண்டுபிடிக்க நான் ஜோசியக்காரன் இல்லை. முப்பது வருஷம் பாய்லர் முன்னால் நின்றவன், அவ்வளவுதான்.

ஆறாம்_செமஸ்டர் | இரவு 9.51

மன்னிக்கவும் அண்ணா. இப்படித்தான் போட்டேன்:

100 மோல் புகைவாயு. நைட்ரஜன் 83.5. காற்றில் 79 நைட்ரஜனுக்கு 21 ஆக்சிஜன். எனவே உள்ளே போன ஆக்சிஜன் = 83.5 × 21 / 79 = 22.2. வெளியே எரியாமல் வந்தது 4. மிகைக்காற்று = 4 / 22.2 = 18 சதவீதம்.

சாக்பீஸ்_தூள் | இரவு 10.05

கடைசி வரி வரைக்கும் எல்லாம் சரி. கடைசி வரியில் பகுதி எண் தப்பு.

மிகை என்றால் எதற்கு மேல் மிகை? தேவைக்கு மேல். நீங்கள் உள்ளே போன மொத்தத்தால் வகுத்துவிட்டீர்கள். தேவைப்பட்டது 22.2 − 4 = 18.2. ஆக, 4 / 18.2 = 22 சதவீதம். பத்துப் பேருக்குச் சமைக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு பேருக்குச் சமைத்தால், மிகை 2 / 10; 2 / 12 இல்லை. விடைத்தாள் திருத்தும்போது நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான். பாவம், கஷ்டமான பாகத்தையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு வாசற்படியில் தடுக்கி விழுகிறார்கள்.

இப்போது (ஆ). எண்ணெயைப் பற்றி ஒன்றும் கொடுக்கவில்லை என்கிறீர்கள். கொடுத்திருக்கிறார்கள், நைட்ரஜன் வடிவில். நைட்ரஜன் கல்யாண வீட்டுக்கு வந்து கை நனைக்காமல் திரும்பிப் போகும் உறவினர் மாதிரி. உள்ளே வந்த தலைகள் எத்தனையோ அத்தனையும் வெளியே போகும். அவர்களை எண்ணினால் கூட வந்த ஆக்சிஜன் எவ்வளவு என்று தெரியும். அதுதான் உங்கள் 22.2.

அந்த 22.2 எங்கே போயிற்று? 12.5 கார்பன் டை ஆக்சைடில் இருக்கிறது. 4 சும்மா வந்தது. கூட்டினால் 16.5. மீதி 5.7 காணோம். காணாமல் போனது தண்ணீராக இருக்கிறது. ஆர்சாட் தண்ணீரைக் காட்டாது, அது உலர்வாயுக் கணக்கு. ஒரு மோல் ஆக்சிஜனுக்கு இரண்டு மோல் நீர் என்பதால் நீர் 11.4 மோல். மோலைக் கிலோமோலாக எடுத்துக்கொண்டால் அதில் ஹைட்ரஜன் 22.8 கிலோ. கார்பன் 12.5 × 12 = 150 கிலோ. எண்ணெய் மொத்தம் 172.8 கிலோ. ஹைட்ரஜன் 22.8 / 172.8 = 13.2 சதவீதம். டீசல் வகை எண்ணெய்க்குப் பொருத்தமான எண்.

ஆறாம்_செமஸ்டர் | இரவு 10.20

அருமை மேடம்! காணாமல் போன ஆக்சிஜன் என்று யோசிக்கவே இல்லை. ஆனால் நண்பனின் 23.5? அவன் போட்டது: ஆக்சிஜன் / (21 − ஆக்சிஜன்) = 4 / 17. இது எங்கள் சீனியர்கள் எல்லாரும் போடும் ஃபார்முலா. கணக்குப் பிழையும் இல்லையே.

நேரம்_மிச்சம் | இரவு 10.31

நண்பர் சொல்வதுதான் சரியான வழி. கேட் (GATE, முதுநிலைப் பொறியியல் நுழைவுத்தேர்வு) தேர்வில் 65 கேள்விக்கு 180 நிமிடம். ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம்கூடக் கிடைக்காது. உட்கார்ந்து உறவினர் தலையை எண்ணிக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவன் ரேங்க் வாங்கிவிடுவான். ஃபார்முலா, எண், அடுத்தது.

சாக்பீஸ்_தூள் | இரவு 10.48

நேரம்_மிச்சம், கேட்டில் நியூமரிக்கல் வகைக் கேள்விகளுக்கு நான்கு விடை கொடுத்து ஒன்றைப் பொறுக்கச் சொல்ல மாட்டார்கள். எண்ணை நீங்கள்தான் தட்டவேண்டும். 21.5 முதல் 22.5 வரை சரி என்று வைத்திருந்தால் உங்கள் 23.5க்குப் பூஜ்யம். மூன்று நிமிடமும் போச்சு, மதிப்பெண்ணும் போச்சு.

அந்த ஃபார்முலா எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 21 என்பது காற்றில் உள்ள ஆக்சிஜன் பங்கு. அதிலிருந்து 4ஐக் கழிக்கிறோம் என்றால், 100 மோல் காற்று உள்ளே போனால் 100 மோல் உலர்வாயு வெளியே வரும் என்று நினைத்துக்கொள்கிறோம். தூய கார்பனை எரித்தால் அது உண்மை: ஓர் ஆக்சிஜன் போனால் ஒரு கார்பன் டை ஆக்சைடு வரும், மோல் எண்ணிக்கை மாறாது, நைட்ரஜன் 79லேயே நிற்கும். எரிபொருளில் ஹைட்ரஜன் இருந்தால் கொஞ்சம் ஆக்சிஜன் நீராகிக் கணக்கிலிருந்தே மறைகிறது. உலர்வாயு சுருங்குகிறது. அதனால்தான் இந்தக் கணக்கில் நைட்ரஜன் 79 இல்லை, 83.5.

அதே 4 சதவீத ஆக்சிஜன் மீட்டரில் தெரியும்போது, தூய கார்பனுக்கு 23.5, இந்த எண்ணெய்க்கு 22, மீத்தேனுக்கு 21. கரி பாய்லரில் நிற்பவருக்கு அந்தக் குறுக்குவழி போதும். கேள்வித்தாளில் நைட்ரஜனையும் கொடுத்திருக்கும்போது அதைத் தூக்கிப்போட்டுவிட்டு 21ஐப் பிடித்துக்கொண்டிருப்பது வீண்.

ஆய்வில் கார்பன் மோனாக்சைடும் இருந்தால் மறக்காதீர்கள்: அதன் பாதியை ஆக்சிஜனிலிருந்து கழித்த பிறகே மிகை. அந்த ஆக்சிஜன் மிகை இல்லை, வேலையைச் செய்யாமல் விட்டது.

பழைய_பாய்லர் | இரவு 11.15

மேடம் சொன்னதெல்லாம் சரி. ஆனால் 13.2 என்ற எண்ணை நம்பவேண்டாம் என்று சொல்ல வந்தேன். 22ஐ நம்பலாம்.

நான் சேர்ந்த காலத்தில் டிஜிட்டல் அனலைசர் கிடையாது. ஷிப்டுக்கு இரண்டு தடவை ஆர்சாட். கண்ணாடி பியூரெட்டில் 100 மில்லி வாயு பிடித்து, தண்ணீர் பாட்டிலைக் கையில் தூக்கித் தூக்கி இறக்கி, வாயுவை முதல் குடுவைக்குத் தள்ளவேண்டும். அதில் பொட்டாஷ் கரைசல், கார்பன் டை ஆக்சைடைக் குடிக்கும். இரண்டாவதில் பைரோகலால், கறுப்புக் காபி டிகாஷன் நிறத்தில் இருக்கும், ஆக்சிஜனைக் குடிக்கும். மூன்றாவதில் குப்ரஸ் குளோரைடு, கார்பன் மோனாக்சைடுக்கு. இந்த வரிசை மாறக்கூடாது. பைரோகலால் காரக் கரைசல், கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து விழுங்கிவிடும். வாசிக்கும்போது பாட்டில் தண்ணீர் மட்டமும் பியூரெட் தண்ணீர் மட்டமும் ஒரே கோட்டில் இருக்கவேண்டும். இரவு மூன்று மணிக்குத் தூக்கக் கண்ணோடு யார் அவ்வளவு கவனமாகப் பார்ப்பார்? அரை மில்லி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகும். பைரோகலால் பழையதாகிவிட்டால் நாலு தடவை தள்ளினாலும் முழுசாகக் குடிக்காது.

இப்போது தம்பி ஒன்று செய்யுங்கள். 12.5ஐ 12 என்று வாசித்ததாக வைத்து மறுபடி போடுங்கள். அப்புறம் 13 என்று வைத்துப் போடுங்கள். ஆக்சிஜன் அதே 4.

ஆறாம்_செமஸ்டர் | இரவு 11.38

போட்டேன் அண்ணா.

12 என்றால்: நைட்ரஜன் 84, உள்ளே போன ஆக்சிஜன் 22.33, மிகை 21.8 சதவீதம், ஹைட்ரஜன் 15 சதவீதம்.
13 என்றால்: நைட்ரஜன் 83, ஆக்சிஜன் 22.06, மிகை 22.1 சதவீதம், ஹைட்ரஜன் 11.5 சதவீதம்.

மிகைக்காற்று அசையவே இல்லை. ஹைட்ரஜன் ஊஞ்சல் ஆடுகிறது!

பழைய_பாய்லர் | இரவு 11.44

அதேதான். அரை மில்லி தப்பாகப் பார்த்தால் டீசல் ஒரு பக்கம் பெட்ரோலையும் தாண்டிப் போகும், மறுபக்கம் ஃபர்னஸ் ஆயிலாகிவிடும். ஆனால் காற்றை எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு அந்த வாசிப்பே தாராளமாகப் போதும்.

சாக்பீஸ்_தூள் | காலை 6.30

இருபது வருஷமாக இந்தக் கணக்கை நடத்துகிறேன், இதை இப்படிப் போட்டுக் காட்டியதில்லை. இன்றைக்கே வகுப்பில் காட்டப்போகிறேன். காரணம் எளிது: ஹைட்ரஜன் நமக்குக் கிடைப்பது 22.2க்கும் 16.5க்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து. இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சின்ன எண் வரும்போது, பெரிய எண்ணில் உள்ள சின்னப் பிழை அப்படியே சின்ன எண்ணின் தலையில் ஏறிக்கொள்ளும். 5.7இல் 0.6 பிழை என்றால் பத்து சதவீதம். மிகைக்காற்றுக்கான 18.2இல் 0.13தான் மாறுகிறது.

நேரம்_மிச்சம் | காலை 7.02

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஃபார்முலாவுக்கு எதிராக இல்லை, இந்தக் கணக்குக்கு அந்த ஃபார்முலா இல்லை. எக்கனாமைசர் எங்கே?

ஆறாம்_செமஸ்டர் | காலை 7.20

இதோ. "மேற்கண்ட எண்ணெய் விநாடிக்கு 0.16 கிலோ எரிகிறது. புகைவாயு 230 டிகிரியில் எக்கனாமைசருக்குள் நுழைந்து 150 டிகிரியில் வெளியேறுகிறது. அதன் தன்வெப்பம் 1.08 கிலோஜூல் / கிலோ டிகிரி. ஃபீட் வாட்டர் விநாடிக்கு 2.4 கிலோ, 75 டிகிரியில் வருகிறது. மொத்த வெப்பக் கடத்து எண் 40 வாட் / சதுர மீட்டர் டிகிரி. எதிர்ப்பாய்வுக்குத் தேவையான பரப்பு என்ன?"

புகைவாயு எத்தனை கிலோ என்று கொடுக்கவில்லை. தண்ணீர் எத்தனை டிகிரியில் வெளியேறுகிறது என்றும் இல்லை. இரண்டு எண் குறைகிறது. பிரிண்டிங் மிஸ்டேக்கா?

சாக்பீஸ்_தூள் | மதியம் 1.10

மிஸ்டேக் இல்லை. "மேற்கண்ட எண்ணெய்" என்ற இரண்டு சொல்லில் முதல் எண் ஒளிந்திருக்கிறது. 100 மோல் உலர்வாயுக் கணக்குக்கே திரும்பிப் போங்கள். எண்ணெய் 172.8 கிலோ, காற்று 83.5 / 0.79 கிலோமோல். மீதியை நீங்களே போடுங்கள். இரண்டாவது எண்ணை வெப்பச் சமநிலை கொடுக்கும்.

ஆறாம்_செமஸ்டர் | மாலை 5.45

காற்று 105.7 கிலோமோல் × 28.84 = 3,048 கிலோ. ஒரு கிலோ எண்ணெய்க்கு 17.64 கிலோ காற்று. எண்ணெயும் சேர்ந்தால் புகைவாயு 18.64 கிலோ. 0.16ஆல் பெருக்கினால் விநாடிக்கு 2.98, அதாவது 3 கிலோ.

வெப்பம் = 3 × 1.08 × 80 = 259 கிலோவாட்.
தண்ணீர் ஏற்றம் = 259.2 / (2.4 × 4.19) = 25.8 டிகிரி. வெளியே 100.8.

எதிர்ப்பாய்வில் (வாயுவும் தண்ணீரும் எதிரெதிர்த் திசையில்) ஒரு முனை 230 − 100.8 = 129.2, மறுமுனை 150 − 75 = 75. வித்தியாசம் 54.2ஐ 129.2 / 75 இன் இயல்மடக்கை 0.544ஆல் வகுத்தால் எல்எம்டிடி (மடக்கைச் சராசரி வெப்பநிலை வித்தியாசம்) 99.7 டிகிரி. பரப்பு = 259,200 / (40 × 99.7) = 65 சதுர மீட்டர்.

இணைப்பாய்விலும் (இரண்டும் ஒரே திசையில்) போட்டுப் பார்த்தேன்: முனைகள் 155, 49.2, எல்எம்டிடி 92.2, பரப்பு 70.3. எதிர்ப்பாய்வுதான் சிறந்தது என்று படித்தோம், ஆனால் எட்டு சதவீதம்தான் மிச்சமாகிறது. இவ்வளவுதானா?

சாக்பீஸ்_தூள் | மாலை 6.20

முழு மதிப்பெண். எட்டு சதவீதம்தான் என்றால், தண்ணீர் 26 டிகிரிதானே ஏறுகிறது. ஒரு பக்கம் வெப்பநிலை அதிகம் மாறாதபோது எந்தத் திசையில் ஓடினாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. நீராவி நீராகத் திரளும் கண்டென்சரில் வித்தியாசம் அறவே கிடையாது. இரண்டு பக்கமும் நிறைய மாறும்போதுதான் எதிர்ப்பாய்வு தன் பலத்தைக் காட்டும். குளிர்ந்த பக்கம் சூடான பக்கத்தின் வெளியேறும் வெப்பநிலையையும் தாண்டவேண்டும் என்றால் இணைப்பாய்வால் அது முடியவே முடியாது.

நேரம்_மிச்சம் | மாலை 6.41

எல்எம்டிடிக்குப் பதில் சாதாரண சராசரி போட்டால் 102. மூன்று சதவீதத்துக்குள் வந்துவிடுகிறது. மடக்கை தேடுவதற்கு முன் விடை எங்கே விழும் என்று பார்க்க இது நல்லது. (இதையாவது ஏற்றுக்கொள்ளுங்கள்!)

சாக்பீஸ்_தூள் | மாலை 6.44

ஏற்றுக்கொண்டேன். மடக்கைச் சராசரி எப்போதும் சாதாரணச் சராசரிக்குக் கீழேதான் இருக்கும். மேலே வந்தால் கால்குலேட்டரில் ஏதோ தப்பாகத் தட்டியிருக்கிறீர்கள்.

பழைய_பாய்லர் | இரவு 8.30

இந்த 259 கிலோவாட் பெரிசா சின்னதா என்று ஒரு கை பார்த்துவிடலாம். எண்ணெய்க்கு மொத்தக் கலோரி மதிப்பு கிலோவுக்கு 44 மெகாஜூல் என்று வையுங்கள். 0.16ஆல் பெருக்கினால் 7,040 கிலோவாட். அதில் 259 என்றால் 3.7 சதவீதம். பாய்லர் ஹவுஸில் நாங்கள் வாய்க்கணக்காகச் சொல்வது: புகைவாயு 22 டிகிரி இறங்கினால் ஒரு சதவீதம் மிச்சம். 80 டிகிரிக்கு 3.6. ஃபீட் வாட்டர் 6 டிகிரி ஏறினால் ஒரு சதவீதம் என்று இன்னொன்று, 25.8க்கு 4.3. வாய்க்கணக்கும் காகிதக் கணக்கும் கைகுலுக்கிக்கொள்கின்றன, பரவாயில்லை.

ஆனால் கேள்வியை எழுதியவர் "கந்தகம் இல்லாத" என்று ஒரு சொல்லை முதலிலேயே போட்டுத் தப்பித்துவிட்டார். அது இல்லாவிட்டால் இந்த 65 சதுர மீட்டரும் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

ஆறாம்_செமஸ்டர் | இரவு 8.42

ஏன் அண்ணா? புகைவாயு 150 டிகிரியில்தானே வெளியேறுகிறது? நீர் திரள்வதற்கு அது மிக அதிகம் இல்லையா?

பழைய_பாய்லர் | இரவு 9.25

இந்தக் கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டேன், பதில் கிடைக்கப் பல லட்சம் ஆனது. என் காசு இல்லை, மில் காசு.

அப்போது ஃபர்னஸ் ஆயில் பாய்லர். எக்கனாமைசருக்குப் பிறகு சிம்னி வெப்பநிலை 160 என்று லாக் புக்கில் தினமும் எழுதினோம். ஃபர்னஸ் ஆயிலில் கந்தகம் உண்டு, அது எரிந்து கொஞ்சம் சல்ஃபர் ட்ரை ஆக்சைடாகி, நீராவியோடு சேர்ந்து கந்தக அமிலமாகும். 130, 140 டிகிரியிலேயே உலோகத்தின் மேல் திரளும் என்று படித்திருந்தோம். 160 என்றால் பத்திரம் என்று நினைத்தோம். இரண்டாவது வருஷம் பாய்லர் இன்ஸ்பெக்‌ஷனுக்குத் திறந்தபோது தண்ணீர் நுழையும் முதல் வரிசை டியூப்கள் அம்மைத் தழும்பு மாதிரிப் பள்ளம் பள்ளமாக இருந்தன. மேல் வரிசைகளில் ஒன்றும் இல்லை. வெல்டர் தம்பி விரலால் தேய்த்துப் பார்த்தான், இரும்புத்தூள் பச்சையும் மஞ்சளுமாகப் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

அமிலம் திரள்வது வாயுவின் வெப்பநிலையைப் பார்த்து இல்லை, டியூபின் தோல் வெப்பநிலையைப் பார்த்து. உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பக்கம் வெப்பக் கடத்து எண் 3,000 இருக்கும் என்று வையுங்கள். தண்ணீர் நுழையும் முனையில் வெப்ப ஓட்டம் சதுர மீட்டருக்கு 40 × 75 = 3,000 வாட். அதை 3,000ஆல் வகுத்தால் ஒரே ஒரு டிகிரி. 75 டிகிரி தண்ணீர் ஓடும் டியூபின் தோல் 76 டிகிரி. தடை முழுக்க வாயு பக்கம் இருப்பதால் டியூப் தண்ணீர் பக்கமே சாய்ந்து நிற்கும். பக்கத்தில் 150 டிகிரி வாயு ஓடினாலும் டியூபுக்கு அது தெரியாது.

திசையைத் திருப்பி இணைப்பாய்வாக்கினால் தப்பிக்கலாமா? அங்கே 40 × 155 / 3,000 = 2 டிகிரி. தோல் 77. ஒரு பயனும் இல்லை. தண்ணீரையே சூடாகக் கொண்டுவர வேண்டும். பிறகு நாங்கள் டிஏரேட்டர் (தண்ணீரைச் சூடாக்கி அதில் கரைந்த காற்றை வெளியேற்றும் கருவி) போட்டு 105 டிகிரியில் அனுப்பினோம். அமிலம் ஒழிந்துவிடவில்லை, குறைந்தது.

சாக்பீஸ்_தூள் | இரவு 9.58

இது பரீட்சைக்கு வராது, வேலைக்கு வரும். உங்கள் எண்ணெயில் கந்தகம் இல்லாததால் கவலைப்பட வேண்டியது நீர் மட்டும்தான். அதையும் அந்தப் பழைய 100 மோலிலிருந்தே எடுக்கலாம்: நீர் 11.4, மொத்தம் 111.4, ஆக 10.2 சதவீதம். ஆவி அழுத்தம் 0.102 வளிமண்டலம், ஸ்டீம் டேபிளில் பார்த்தால் சுமார் 46 டிகிரி. சென்னைக் காற்றின் ஈரத்தையும் சேர்த்தால் நான்கைந்து டிகிரி கூடும். டியூப் தோல் 76. திரளாது.

ஒரு கேள்வி கேட்கிறேன், ஆறாம்_செமஸ்டர். அதே எக்கனாமைசர், 65 சதுர மீட்டர், யூ (மொத்த வெப்பக் கடத்து எண்) அதே 40. வாயு மாறவில்லை. தண்ணீர் மட்டும் பாதியாகி 1.2 கிலோ ஆகிறது. இரண்டு பக்கமும் என்ன வெப்பநிலையில் வெளியேறும்?

ஆறாம்_செமஸ்டர் | இரவு 10.30

தண்ணீர் பாதி என்றால் வெப்பமும் பாதி, 130 கிலோவாட், வாயு 190இல் வெளியேறும்?

நேரம்_மிச்சம் | இரவு 10.33

இல்லை இல்லை. தண்ணீர் பாதியானால் அது சீக்கிரம் சூடாகும். வெப்பம் கொஞ்சம்தான் குறையும். இங்கே எல்எம்டிடி போட்டால் இரண்டு வெளியேறும் வெப்பநிலையும் தெரியாமல் ஊகித்து ஊகித்துத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். என்டியூ முறைக்குப் போங்கள் (யூ × பரப்பை, இரண்டு பக்கத்தில் சிறிய வெப்பக் கொள்ளளவால் வகுத்தால் வருவது என்டியூ). இது என் ஏரியா.

வாயுவின் வெப்பக் கொள்ளளவு 3 × 1.08 = 3.24. தண்ணீர் 1.2 × 4.19 = 5.03. சிறியது வாயு. விகிதம் 0.644. யூ × பரப்பு = 2.6 கிலோவாட் / டிகிரி. என்டியூ = 2.6 / 3.24 = 0.80. எதிர்ப்பாய்வு எஃபெக்டிவ்னெஸ் (அதிகபட்ச வெப்பத்தில் உண்மையில் கிடைக்கும் பங்கு) ஃபார்முலாவில் போட்டால் 0.48. அதிகபட்சம் கிடைக்கக்கூடிய வெப்பம் 3.24 × 155 = 502. அதில் 0.48 பங்கு 242 கிலோவாட். வாயு 155இல் வெளியேறும், தண்ணீர் 123இல்.

சரி பார்க்க: பழைய கணக்கில் வாயு 155இல் 80 இறங்கியது, எஃபெக்டிவ்னெஸ் 0.516. விகிதம் 0.322, என்டியூ அதே 0.80 வைத்து ஃபார்முலாவில் போட்டாலும் 0.516தான் வருகிறது.

சாக்பீஸ்_தூள் | இரவு 10.50

பிரமாதம். தண்ணீரைப் பாதியாக்கியும் வாயு ஐந்தே டிகிரிதான் மாறியது. தண்ணீர்தான் 101இலிருந்து 123க்குத் தாவியது.

பழைய_பாய்லர் | இரவு 11.05

அதே முறையில் இன்னொன்று: கரி படிந்து யூ 40இலிருந்து 30க்கு இறங்கினால்? நான் போட்டுவிட்டேன், வாயு 164இல் வெளியேறும். சிம்னி தெர்மாமீட்டர் 14 டிகிரி ஏறினால் டியூபைத் துடைக்கச் சொல்கிறது என்று அர்த்தம். லோடு மாறாமல் இருக்கும்போது பார்த்தால்தான் இது செல்லும்.

ஆறாம்_செமஸ்டர் | இரவு 11.12

எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 123 டிகிரி! தண்ணீர் 100இலேயே கொதிக்காதா? முதல் கணக்கிலேயே 100.8 வந்தபோது சந்தேகம் வந்தது, கேட்கக் கூச்சமாக இருந்தது.

பழைய_பாய்லர் | இரவு 11.31

கூச்சப்படாமல் கேளுங்கள். எக்கனாமைசர் ஃபீட் பம்புக்கும் பாய்லருக்கும் நடுவில் இருக்கிறது, உள்ளே பாய்லர் அழுத்தம். 10 பாரில் தண்ணீர் 180 டிகிரியில்தான் கொதிக்கும். 123க்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் மேடம் ஏன் தண்ணீரைப் பாதியாக்கினார்கள் என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. சின்ன பாய்லர்களில் ஃபீட் பம்ப் ஆன், ஆஃப்தான். லெவல் இறங்கினால் ஓடும், ஏறினால் நிற்கும். நின்ற நேரத்தில் பர்னர் எரிந்துகொண்டே இருக்கும், 230 டிகிரி வாயு போய்க்கொண்டே இருக்கும், டியூபில் தண்ணீர் அசையாமல் நிற்கும். பாதியாக்கினால் 123 என்றால், பூஜ்யமாக்கினால்?

ஆறாம்_செமஸ்டர் | இரவு 11.36

வாயுவின் 230ஐ நோக்கி ஏறும். 180ஐத் தொட்டால்... ஆவியாகுமா?

பழைய_பாய்லர் | இரவு 11.40

ஆகும். அப்புறம் பம்ப் ஆன் ஆகி 75 டிகிரி தண்ணீர் அந்த ஆவிக்குள் பாயும்போது எக்கனாமைசர் சம்மட்டியால் அடித்தது மாதிரி டம் டம் என்று சத்தம் போடும். முதல் தடவை கேட்டபோது நான் பாய்லர் ஹவுஸை விட்டு வெளியே ஓடிவிட்டேன். வாட்ச்மேன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். அப்புறம்தான் பம்ப் நிற்காமல் தண்ணீரைக் கூட்டிக் குறைக்கும் கண்ட்ரோல் வால்வு போட்டார்கள்.

சாக்பீஸ்_தூள் | இரவு 11.52

உண்மையைச் சொல்கிறேன், நான் பாதியாக்கியது என்டியூ நடத்துவதற்காக மட்டும்தான். பம்ப் நிற்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த வருஷக் கேள்வித்தாளில் (இ) என்று சேர்த்துவிடுகிறேன்.

ஆறாம்_செமஸ்டர் | இரவு 11.55

மேடம், எந்தக் கல்லூரிக்கு?